டைனோசர் என்ன தின்றது? பல்லில் தொடங்கி ஐசோடோப் வரை வரிசை தவறாமல் கண்டறியும் முறை

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துப் பள்ளிகளின் அறிவியல் மன்றங்களில் டைனோசர் என்றால் கூட்டம் சேர்ந்துவிடும். கண்காட்சி அட்டையில் மட்டும் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வரும்: "பல் கூர்மை, ஆகவே மாமிசம்; பல் தட்டை, ஆகவே தாவரம்." தொல்லுயிரியலாளர்களுக்கு அது முதல் அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகுதான் உண்மையான துப்பறிதல் தொடங்குகிறது. அவர்கள் செய்யும் வேலையை அதே வரிசையில், வடசென்னையில் கிடைக்கும் பொருள்களை வைத்துப் பழகிப் பார்க்க இந்த வழிகாட்டி உதவும். எட்டாம் வகுப்புக்கு மேல் யாரும் செய்யலாம். கத்தி, அடுப்பு, ரசாயனம் வரும் இடங்களில் ஆசிரியர் கூட இருக்க வேண்டும்.

வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் கேட்க வேண்டிய கேள்வியைச் சுருக்கித் தருகிறது. மாதிரியைச் சேதப்படுத்தும் சோதனைகள் கடைசியில்தான் வர வேண்டும்.

1. கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்

நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போடுங்கள்: "தின்ன முடியும்", "தின்று வந்தது", "இதைத் தின்றது". கிடைக்கும் ஒவ்வொரு சான்றும் இந்த மூன்றில் எங்கே போகிறது என்று அப்போதே எழுதுங்கள். பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றும் கலந்துவிடும்.

இந்தப் பிரிவு ஏன் வேண்டும் என்பதற்குத் தெருவில் திரியும் ஆடே சாட்சி. அதன் பல்லும் தாடையும் தழை கடித்து அரைக்க அமைந்தவை. ஆனால் அது சுவரிலிருந்து போஸ்டரைக் கிழித்து, பசையோடு மென்றுகொண்டிருக்கும். பல்லின் வடிவம் அதன் பரம்பரையைச் சொல்கிறது. இன்று காலை என்ன தின்றது என்று சொல்லாது.

சான்றுகளுக்குக் காலக் கணக்கும் வேறு வேறு. பல் வடிவம் பல லட்சம் ஆண்டு பரிணாமத்தின் விளைவு. எனாமலில் (பல்லின் கெட்டியான மேலுறையில்) உள்ள வேதிப்பொருள் அந்தப் பல் உருவான சில வாரங்கள் அல்லது மாதங்களின் பதிவு. பல்லின் மேல் உள்ள நுண்கீறல் சாவதற்கு முந்தைய சில நாள்கள், சில வாரங்களின் பதிவு. வயிற்றில் கிடைத்தது ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. இவை ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தெரிந்தால், பெரும்பாலும் முரண் இல்லை, காலம்தான் வேறு.

2. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

ஒப்பிட இன்று வாழும் விலங்கினங்களின் உறுப்புகள் வேண்டும். என்ன தின்கிறது என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்த விலங்கின் பல்லைப் பார்க்காமல், தெரியாத விலங்கின் பல்லைப் படிக்க முடியாது.

ஆட்டுத்தலை ஒன்று. கறிக்கடையில் சொல்லும்போதே "வாட்டாமல், உடைக்காமல்" என்று சொல்லிவிடுங்கள். வழக்கமாகத் தீயில் வாட்டி, இரண்டாகப் பிளந்துதான் தருவார்கள். தீ பட்ட எனாமல் வெடித்துவிடும், அந்தப் பல் அளவெடுப்புக்கு உதவாது. முடிந்தால் ஒரு மாட்டுத் தாடையும் வாங்குங்கள்.

காசிமேட்டிலிருந்து மீன் தலைகள்: சீலா, வாளை, சுறா, திருக்கை. மீன் வெட்டித் தரும் அக்காக்களிடம் முந்தின நாளே சொல்லிவைத்தால் தலையை எடுத்துவைப்பார்கள். ஞாயிறு கூட்டத்தில் யாருக்கும் பேச நேரமிருக்காது. வார நாளில் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாததால் பெரிய மீன் வரத்து குறையும். கோடை விடுமுறையில் செய்யலாம் என்று நினைப்பவர்கள் ஏப்ரல் தொடக்கத்திலேயே வாங்கி உலர்த்திவைத்துக்கொள்ளுங்கள். சில சுறா, திருக்கை இனங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. ஏலத்தில் வெளிப்படையாக விற்கும் சாதாரண ரகத்தை மட்டும் கேளுங்கள்.

கோழியின் அரைவைப் பை இரண்டு: ஒன்று பிராய்லர், ஒன்று நாட்டுக்கோழி. வெட்டாமல், கழுவாமல் முழுசாக வேண்டும்.

கருவிகள்: 10 மடங்கு கைலென்ஸ், இயற்பியல் ஆய்வகத்து வெர்னியர் காலிப்பர், 0.1 கிராம் காட்டும் தராசு, யுஎஸ்பி மைக்ராஸ்கோப், பக்கவாட்டில் சாய்க்க ஒரு மேஜை விளக்கு, பல் மருத்துவர்கள் அச்சு எடுக்கும் சிலிக்கான், கையுறை.

சுத்தம் செய்வதில்தான் பாதி மாதிரிகள் வீணாகின்றன. ஆட்டுத் தாடையை வேகவைப்பதற்கு முன்பே 6ஆம் படியில் சொல்லும் அச்சை எடுத்துவிடுங்கள். பிறகு சதையை முடிந்தவரை வெட்டி எடுத்து, ஒரு கரண்டி சலவைத்தூள் போட்ட தண்ணீரில், கொதி வராமல் சிறு தீயில் 2 முதல் 3 மணி நேரம் வையுங்கள். தளதளவென்று கொதித்தால் எலும்பு வெடிக்கும். அடுப்பை அணைத்த பிறகு அதே தண்ணீரிலேயே ஆற விடுங்கள். சூடான பல்லில் குளிர்ந்த நீர் பட்டால் எனாமல் விரிசல் விடும். கீழ்த்தாடையின் முன்பற்கள் கழன்று விழும் என்பதால் அந்தப் பகுதியை மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. வெள்ளையாகும், ஆனால் மேற்பரப்பை அரித்துவிடும்.

சுறாத் தாடை குருத்தெலும்பு. வேகவைத்தால் குழைந்து உருக்குலையும். வெந்நீரில் சில நொடி முக்கி, சதையைச் சுரண்டி, வாய் திறந்த நிலையில் அட்டையை முட்டுக்கொடுத்து நிழலில் உலர்த்துங்கள்.

3. பல்லைத் தொடும் முன் பாறையைப் படியுங்கள்

விலங்கு எதைத் தின்றது என்று கேட்பதற்கு முன், அந்த இடத்தில் அந்தக் காலத்தில் தின்ன என்ன இருந்தது என்று பட்டியல் போட வேண்டும். பட்டியலில் இல்லாததை முடிவில் எழுத முடியாது. இதைச் செய்யாதவர்கள்தான் புல்லே இல்லாத ஜுராசிக் காலத்து டைனோசருக்குப் புல் ஊட்டிவிடுகிறார்கள்.

பழக நல்ல பட்டியல் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகள் முற்காலக் கிரீத்தேசியக் காலத்தவை. டைலோஃபில்லம் (Ptilophyllum) என்ற, சைகஸ் போன்ற இலையுள்ள செடிகளும், பெரணிகளும், ஊசியிலை மரங்களும் அங்கே கல்லில் பதிந்திருக்கின்றன. டைனோசர் காலத்தில் இந்தப் பகுதியின் பச்சை எப்படி இருந்தது என்பதற்கு இதுவே நேரடிச் சான்று. விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரைக் கல்மரங்களைச் சிலர் இதே பட்டியலில் சேர்க்கிறார்கள். அவை டைனோசர்கள் அழிந்து பல கோடி ஆண்டுகளுக்குப் பின் வந்தவை, சேர்க்கக் கூடாது.

அடுத்து, எலும்புகள் எப்படிக் கிடந்தன என்று பாருங்கள். எலும்புக்கூடு மூட்டுக் கழலாமல் கோர்வையாகக் கிடந்ததா, ஆற்று வெள்ளம் அடித்துச் சேர்த்ததா? அருகருகே கிடந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்றது என்று பொருளில்லை. 1923இல் மங்கோலியாவில் ஒரு முட்டைக் கூட்டின் மேல் கிடந்த டைனோசருக்கு 1924இல் 'முட்டைத் திருடன்' என்று பொருள்படும் ஓவிராப்டர் என்ற பெயர் வைத்தார்கள். 1993இல் அதே வகை முட்டை ஒன்றின் உள்ளே கிடைத்த கரு, ஓவிராப்டர் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. திருடன் என்று நினைத்தது அடைகாத்த பெற்றோரைத்தான்.

4. பல்லின் வடிவம்: கண்ணால் பார்ப்பதோடு நிற்காதீர்கள், அளவெடுங்கள்

ஒவ்வொரு பல்லுக்கும் நான்கு எண் வேண்டும்: பல்முடியின் (ஈறுக்கு வெளியே தெரியும் பகுதியின்) உயரம், அடிப்பகுதியின் முன்பின் நீளம், அடிப்பகுதியின் பக்கவாட்டு அகலம், வெட்டு விளிம்பில் 1 மி.மீ.க்கு எத்தனை ரம்ப நுனிகள். அகலத்தை நீளத்தால் வகுத்தால், பல் கத்தித் தகடா, உருண்ட முளையா என்பது ஒரே எண்ணில் தெரிந்துவிடும்.

தகடுபோல் தட்டையான ரம்ப விளிம்புப் பல் சதையை அறுக்கும், ஆனால் கடினமான எலும்பில் பக்கவாட்டாக மாட்டினால் முறியும். டைரனோசாரஸின் பல் குறுக்குவெட்டில் தடித்திருக்கும், ரம்பமும் உண்டு. எலும்பை நொறுக்கும் கடிக்கு அது தாங்கும். ஸ்பினோசாரஸின் பல் கூம்பு, ரம்பமே இல்லை. வழுக்கும் இரையைக் குத்திப் பிடிக்கும் அமைப்பு. அதன் உறவான பேரியானிக்ஸுக்கு ரம்பம் உண்டு, 1 மி.மீ.க்கு சுமார் 7, வெறும் விரலுக்குத் தட்டுப்படாத அளவு நுண்ணியது. கைலென்ஸ் இல்லாமல் "ரம்பம் இல்லை" என்று எழுதக் கூடாது என்பது இதனால்தான்.

காசிமேட்டுத் தலைகளை இப்போது வரிசையாக வையுங்கள். சீலாவும் வாளையும் மீன் தின்னிகள், இரண்டின் பல்லும் கூர்மை. திருக்கையின் வாயில் கல் பாவிய தரைபோல் தட்டைப் பற்கள். அது தழை தின்பதில்லை. நண்டையும் சிப்பியையும் நொறுக்குகிறது. "தட்டை என்றால் தாவரம்" என்ற வரியைத் திருக்கையின் வாய் ஒன்றே பொய்யாக்கிவிடும்.

தாவர உண்ணிகளிலும் ஒரே மாதிரி இல்லை. டிப்ளோடாக்கஸின் பல் பென்சில்போல் மெல்லியது, தாடையின் முன்னால் மட்டும் இருக்கும்: தழையை உருவிப் பறிக்கும், மெல்லாது. கமராசாரஸின் பல் அகன்று கரண்டிபோல் இருக்கும்: இன்னும் முரட்டுத் தழையைக் கடிக்கும். எட்மண்டோசாரஸ் போன்ற வாத்துவாய் டைனோசர்களுக்கு நூற்றுக்கணக்கான பற்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து ஒரே அரைக்கும் தளமாகிவிடும்.

பல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதும் உணவுச் சான்றுதான். பல்லை மெல்லிய சீவலாக வெட்டினால், எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினில் நாளுக்கு ஒன்றாக வளர்ச்சிக் கோடுகள் தெரியும். முளைத்த பல்லின் கோடுகளிலிருந்து அடியில் காத்திருக்கும் பல்லின் கோடுகளைக் கழித்தால், மாறும் இடைவெளி நாள் கணக்கில் வரும். டிப்ளோடாக்கஸுக்கு சுமார் 35 நாள், கமராசாரஸுக்கு சுமார் 62 நாள். இரண்டும் ஒரே காலத்தில் ஒரே நிலப்பரப்பில் வாழ்ந்தவை. மேய்ந்த விதம் வேறு என்பதற்கு இது வலுவான குறிப்பு.

இந்தப் படியில் அடிக்கடி நடக்கும் பிழைகள்:

ஆட்டின் மேல்தாடை முன்பக்கத்தில் பல்லே இருக்காது. புதியவர்கள் "விழுந்துவிட்டது" என்று எழுதுவார்கள், அல்லது கடையில் உடைத்துவிட்டதாக நினைப்பார்கள். பல்குழி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குழி இல்லாவிட்டால் பல் எப்போதுமே இல்லை. அங்கே இருந்தது கெட்டியான ஈறு. கீழ்ப்பல் அதில் அழுத்தித் தழையைப் பறிக்கும். டிரைசெராடாப்ஸின் முன்வாயும் பல்லில்லாதது, அங்கே கொம்புப்பொருளால் ஆன அலகு இருந்தது.

இன்னொன்று வேர். தனிப் பல் கிடைத்தால் அடியைப் பாருங்கள். வேரோடு இருந்தால் செத்த பிறகு தாடையிலிருந்து கழன்றது. வேர் கரைந்து அடி குழிந்திருந்தால் உயிரோடு இருந்தபோதே உதிர்ந்தது, பெரும்பாலும் கடிக்கும்போது. தாவர உண்ணியான டெனன்டோசாரஸின் எலும்புகளோடு ஊனுண்ணியான டைனோனிக்கஸின் உதிர்ந்த பற்கள் கிடைப்பது அதனால்தான் முக்கியமாகிறது. பல்லுக்குச் சொந்தக்காரர் அங்கே தின்ன வந்திருந்தார்.

5. தாடை நெம்புகோல்

தாடை மூட்டிலிருந்து தசை ஒட்டும் இடம் வரை உள்ள தூரத்தை, மூட்டிலிருந்து கடிக்கும் பல் வரை உள்ள தூரத்தால் வகுங்கள். 4 செ.மீ. ÷ 16 செ.மீ. என்றால் 0.25, தசை தரும் விசையில் கால் பங்குதான் அந்தப் பல்லுக்கு வருகிறது. ஆட்டின் கடைவாயிலும் சீலாவின் முன்பல்லிலும் இதைக் கணக்கிடுங்கள். சீலாவுக்கு எண் சிறிதாக வரும்: விசையை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கிக்கொண்ட தாடை அது.

மூட்டின் உயரத்தையும் பாருங்கள். மூட்டு பல்வரிசையின் மட்டத்திலேயே இருந்தால் தாடை கத்தரிபோல் பின்னாலிருந்து முன்னால் மூடும். மட்டத்திலிருந்து விலகியிருந்தால் பல்வரிசை முழுதும் ஒரே நேரத்தில் சேரும். அரைப்பதற்கு அதுதான் தேவை.

டைனோசரில் தசை இல்லை, எலும்பில் தசை ஒட்டிய தழும்பு மட்டுமே உண்டு. தசையின் கனத்தைப் பறவையையும் முதலையையும் வைத்து ஊகிக்கிறார்கள், ஏனென்றால் டைனோசரின் உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தங்கள் அவைதான். ஊகம் மாறினால் விடையும் மாறும். டைரனோசாரஸின் கடிவிசை 2012இல் வந்த ஒரு கணக்கில் 35,000 முதல் 57,000 நியூட்டன். 2017இல் வந்த மற்றொன்றில் 8,526 முதல் 34,522 நியூட்டன். அட்டையில் ஒரே எண்ணைப் பெரிதாக எழுதுவது தவறு. வீச்சை எழுதுங்கள், எந்த ஊகத்தில் வந்தது என்றும் எழுதுங்கள்.

6. நுண்தேய்மானம்: அச்சு எடுப்பது

இந்தப் படிதான் "தின்ன முடியும்" என்பதிலிருந்து "தின்று வந்தது" என்பதற்கு நம்மைக் கொண்டுபோகிறது. கடினமான துகள் குழி போடும்; நார், மணல் ஒட்டிய தழை நீளக் கீறல் போடும்; கீறல்கள் ஒரே திசையில் இருந்தால் தாடை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதும் தெரியும். 2009இல் எட்மண்டோசாரஸ் பற்களின் கீறல்களைப் படித்துத்தான் அதன் தாடை எத்தனை விதமாக நகர்ந்தது என்று காட்டினார்கள்.

செய்முறை:

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் உரசும் பளபளப்பான முகம் வேண்டும். பக்கச் சுவர் வேண்டாம்.

தூய அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெய் கலந்திருப்பதால் அது மேலே படலம் விடும். பிரஷ், பற்பசை இரண்டும் வேண்டாம். பற்பசையின் அரைதூளே புதிய கீறல் போட்டுவிடும்.

சிலிக்கானின் இரு பாகத்தையும் சம அளவு கலந்து, பல்லின் ஒரு ஓரத்திலிருந்து மெல்ல வழிய விடுங்கள். நடுவில் கொட்டினால் காற்றுக் குமிழ் சிக்கும், அது அச்சில் குழி மாதிரியே தெரியும். பெட்டியில் போட்டிருக்கும் நேரம் வரை அசைக்காதீர்கள்.

முதல் அச்சை எறிந்துவிடுங்கள். ஒட்டியிருந்த தூசியையெல்லாம் அது இழுத்துக்கொண்டு வந்திருக்கும். இரண்டாவது அச்சையே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்ப்பவர்களின் எண்ணிக்கை எப்போதும் தப்பாகவே வருகிறது.

ஆய்வகங்களில் இந்த அச்சில் எபாக்சி என்ற பிசினை ஊற்றி, 24 மணி நேரம் இறுகவிட்டு, பிரதியை 100 மடங்கு லென்ஸ் உள்ள கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். அருகருகே நான்கு கட்டம், ஒவ்வொன்றும் 138 × 102 மைக்ரான். பள்ளியில் 35 மடங்கு போதும். விளக்கை நன்றாகச் சாய்த்து வையுங்கள். நேர் மேலிருந்து ஒளி அடித்தால் கீறல் மறைந்துபோகும். எல்லாப் பல்லிலும் ஒரே அளவுச் சதுரத்துக்குள் மட்டும் கீறலையும் குழியையும் தனித்தனியாக எண்ணுங்கள். ஒரே அச்சை இருவர் தனித்தனியாக எண்ணட்டும்.

இப்போது மிக முக்கியமான சரிபார்ப்பு. உணவே படாத பக்கச் சுவரிலும் ஒரு அச்சு எடுங்கள். அங்கேயும் அதே மாதிரி கீறல் இருந்தால், நீங்கள் எண்ணியது உணவின் தடம் அல்ல. ஆற்று மணலோ, புதைந்த மண்ணோ, சுத்தம் செய்த கையோ போட்டது. அந்தப் பல்லை ஒதுக்கிவிடுங்கள். புதைபடிவப் பற்களில் கணிசமானவை இந்தச் சோதனையில் தேறாது, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

7. வயிற்றில் இருந்தது

"இதைத் தின்றது" என்ற பத்தியில் எழுதத் தகுந்த முதல் சான்று இதுதான். கிடைப்பது மிக அரிது. கிடைத்தால் ஐந்து கேள்வி கேளுங்கள்: விலா எலும்புக் கூண்டுக்குள் இருக்கிறதா? எலும்புக்கூடு கோர்வையாக இருக்கிறதா? உள்ளே இருப்பது சுற்றியுள்ள மண்ணிலிருந்து வேறுபடுகிறதா? அமிலம் அரித்த அடையாளம் உண்டா? வாய்க்குள் போகக்கூடிய அளவா?

2011இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஒரு சுரங்கத்தில் கிடைத்த போரியலோபெல்டா என்ற கவச டைனோசரின் வயிற்றுப் பொதி 2020இல் விவரிக்கப்பட்டது. 88 சதவீதம் இலைத் துணுக்குகள், அதிலும் பெரணி இலைகளே மிகுதி. கரித்துண்டுகளும் இருந்தன, காட்டுத்தீக்குப் பின் தளிர்த்த இடத்தில் மேய்ந்திருக்கிறது. சுற்றுப்புறத்தில் ஊசியிலை மரங்கள் இருந்தும் பெரணியைப் பொறுக்கித் தின்றிருக்கிறது என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், 3ஆம் படியில் சொன்ன பட்டியல் கையில் இருந்ததுதான்.

2023இல் விவரிக்கப்பட்ட, டைரனோசாரஸின் சொந்தமான இளம் கோர்கோசாரஸின் வயிற்றில் சிட்டிபெஸ் என்ற சிறு டைனோசர் குஞ்சுகள் இரண்டின் பின்னங்கால்கள் இருந்தன. ஒன்று அதிகம் அரித்திருந்தது, மற்றது குறைவு. ஆகவே இரண்டும் ஒரே வேளையில் தின்றவை அல்ல.

அவசர முடிவுக்கும் ஒரு உதாரணம். கோயலோஃபைசிஸ் என்ற ஊனுண்ணி டைனோசர் தன் குட்டிகளையே தின்றது என்று வெகுகாலம் நம்பினார்கள். 2006இல் வயிற்றிலிருந்த எலும்புகளை மீண்டும் ஒப்பிட்டபோது அவை முதலைச் சொந்தமான வேறொரு சிறு விலங்கினுடையவை என்று தெரிந்தது. உள்ளே இருப்பது யார் என்று எலும்பு எலும்பாக அடையாளம் காணாமல் பெயர் எழுதக் கூடாது.

இரைப்பைக் கற்களுக்குக் கோழியிடம் போவோம். அரைவைப் பையை நீளவாக்கில் அறுத்து, உள்ளே உள்ள மஞ்சள் தோலை உரித்து, இருப்பதையெல்லாம் வடிகட்டியில் அலசுங்கள். நாட்டுக்கோழியில் பொடிக்கல், சில சமயம் செங்கல் துணுக்கும் கண்ணாடிச் சில்லும் வரும். கொட்டகையில் தூள் தீவனம் தின்ற பிராய்லரில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இரண்டும் கோழிதான். ஆக, கல் இல்லை என்பது எதையும் மறுக்காது. கல்லை உலர்த்தி எடைபோட்டு, கோழியின் எடையால் வகுத்து சதவீதம் எழுதுங்கள். நெருப்புக்கோழியில் இது உடல் எடையில் சுமார் 1 சதவீதம். சாரோபாட் எனும் நீள்கழுத்து டைனோசர்களில் கிடைத்த கற்கள் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. அவ்வளவு கல்லால் அந்த உடலுக்கான தழையை அரைத்திருக்க முடியாது. காடிப்டெரிக்ஸ், சிட்டகோசாரஸ் போன்ற சிறு டைனோசர்களில் வயிற்றுப் பகுதியில் கற்கள் குவியலாகவே கிடைத்திருக்கின்றன.

வழவழப்பான கல்லெல்லாம் இரைப்பைக் கல் ஆகாது. ஆற்றுக்கல்லும் வழவழப்பாகத்தான் இருக்கும். எலும்புக்கூட்டின் உள்ளே கிடக்காத கல்லைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

8. சாணப் படிவம்

கல்லாகிப்போன சாணம் என்பதை உறுதிசெய்ய வடிவம் மட்டும் போதாது. பாஸ்பேட் அளவு, உள்ளே சிதைந்த உணவுத் துணுக்கு இரண்டும் வேண்டும். அதைவிடக் கஷ்டமான கேள்வி, யார் போட்டது என்பது. அளவு, காலம், அந்தப் படிவில் கிடைக்கும் மற்ற விலங்குகள் ஆகியவற்றை வைத்துக் கழித்துக் கழித்துத்தான் சொல்கிறார்கள்.

கனடாவின் சஸ்காச்சுவானில் கிடைத்து 1998இல் விவரிக்கப்பட்ட ஒன்று 44 செ.மீ. நீளம், சுமார் 2.4 லிட்டர் கன அளவு. அதில் 30 முதல் 50 சதவீதம் நொறுங்கிய எலும்பு. அந்த இடத்தில், அந்தக் காலத்தில், அவ்வளவு பெரிய ஊனுண்ணி டைரனோசாரஸ் மட்டும்தான். எலும்பை விழுங்கியது மட்டுமல்ல, நொறுக்கியே விழுங்கியது என்பது இதிலிருந்து தெரிந்தது. ஊனுண்ணியின் சாணத்தில் பாஸ்பேட் அதிகம் என்பதால் எளிதில் கல்லாகும். தாவர உண்ணியின் சாணம் அவ்வளவாக நிற்காது. ஆகவே எண்ணிக்கையை வைத்து "ஊனுண்ணிகளே அதிகம்" என்று எழுதக் கூடாது.

நம் நாட்டின் பெரிய பங்களிப்பு மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவிலிருந்து வந்தது. அங்கே கிடைத்த, டைட்டனோசார் என்ற நீள்கழுத்து டைனோசர்களுடையவை எனக் கருதப்படும் சாணப் படிவங்களில் புல்லின் சிலிக்காத் துகள்கள் இருப்பதை 2005இல் அறிவித்தார்கள். குறைந்தது ஐந்து வகைப் புற்கள். டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தில் புல் இருந்தது, அதைத் தின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அதே சாணத்தில் வேறு பல தாவரங்களும் இருந்தன. "புல் தின்னி" என்று எழுதாமல் "புல்லையும் தின்றது" என்று எழுதுங்கள்.

இந்தத் துகள்களைப் பிரிக்க, படிவத்தின் மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு உள்பகுதியைப் பொடித்து, அமிலத்தில் சுண்ணாம்பையும் கரிமத்தையும் கரைத்து, அடர்த்தி சுமார் 2.3 உள்ள கன திரவத்தில் மிதக்க விடுவார்கள். மணல் கீழே தங்கும், சிலிக்காத் துகள் மேலே வரும். மேல்தோலை எறிவது இன்றைய மண்ணும் புல்லும் கலக்காமல் இருக்க.

பள்ளியில் அமிலம் வேண்டாம். மாட்டுச் சாணமும் சல்லடையும் போதும். வறட்டியை ஊறவைத்துப் பார்க்கலாம் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். செய்யாதீர்கள். தட்டும்போதே வைக்கோல், உமி, தவிடு எதையாவது சேர்த்துத்தான் தட்டுகிறார்கள். மாடு தின்றதா, கை சேர்த்ததா என்று பிரிக்கவே முடியாது. தொழுவத்தில் புதிதாக விழுந்த சாணத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, தண்ணீரில் கரைத்து, மாவு சலிக்கும் சல்லடையில் அலசி, தங்கும் நாரைக் கைலென்ஸில் பாருங்கள். பிறகு வேண்டுமானால் வறட்டியையும் அதேபோல் அலசிப் பக்கத்தில் வையுங்கள். கலப்படம் என்றால் என்ன என்பது கண்முன் தெரியும்.

9. கடித்தடம்

எலும்பில் பல் பட்ட தடத்தில் இரண்டைப் பாருங்கள். பற்களுக்கு இடையே உள்ள தூரமும் ரம்ப நுனிகள் இழுத்த இணைகோடுகளும் கடித்தவர் யார் என்று சொல்லும். மடகாஸ்கரில் மஜுங்காசாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசரின் எலும்புகளின் மேலிருந்த தடங்கள் மஜுங்காசாரஸின் பல்லோடு பொருந்தியதால்தான் அது தன் இனத்தையே தின்றது என்று 2003இல் சொல்ல முடிந்தது.

காயம் ஆறியிருக்கிறதா என்பது இரண்டாவது. ஆறியிருந்தால் உயிரோடு இருந்ததைத் தாக்கியிருக்கிறது. 2013இல் விவரிக்கப்பட்ட வாத்துவாய் டைனோசரின் வால் எலும்பில் டைரனோசாரஸின் பல் பதிந்து, அதைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது. கடிபட்டும் தப்பிப் பிழைத்த விலங்கு அது. ஆறாத தடத்தை வைத்து வேட்டையா, செத்ததைத் தின்றதா என்று பிரிக்க முடியாது. பிரிக்க முடியாது என்றே எழுதுங்கள்.

10. வேதியியல் கடைசியில்தான்

எனாமலைத் துளைத்துப் பொடி எடுத்தால் அந்த இடம் போய்விடும். அளவும் படமும் அச்சும் முடியாமல் துளைக்கக் கூடாது என்பது அருங்காட்சியகங்களின் பொது விதி. இதைப் பள்ளியில் செய்ய முடியாது. வெளியான முடிவுகளைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் போதும்.

எனாமல் மிகவும் இறுக்கமானது, நிலத்தடி நீர் உள்ளே புகுவது கடினம்; டென்டினும் எலும்பும் துளை நிறைந்தவை. அதனால் எனாமல், டென்டின், சுற்றியுள்ள மண் மூன்றையும் அளக்க வேண்டும். மூன்றும் ஒரே எண் காட்டினால் புதைந்த பிறகு எல்லாம் கலந்துவிட்டது, உணவைப் பற்றி அது பேசாது.

கால்சியம் ஐசோடோப் (ஐசோடோப் என்பது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு): உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகக் கனமான கால்சியத்தின் பங்கு குறைகிறது. மொராக்கோ, நைஜர் பற்களில் 2018இல் செய்த ஆய்வில் ஸ்பினோசார்களின் எண் மற்ற பெரிய ஊனுண்ணிகளிலிருந்து விலகி, மீன் உணவோடு பொருந்தியது. 4ஆம் படியில் கூம்புப் பல் வைத்து ஊகித்தது இங்கே வேறு வழியில் உறுதியாகிறது.

கார்பனில் ஒரு பொறி இருக்கிறது. இன்றைய விலங்குகளில் வெயில் நிலப் புல்லையும் மரத் தழையையும் கார்பன் ஐசோடோப் பிரித்துக் காட்டும். அந்தப் புல் வகையின் ஒளிச்சேர்க்கை முறை டைனோசர்களுக்கு வெகுகாலம் பின்னால் வந்தது. ஆகவே அந்த அட்டவணையை டைனோசருக்குப் பொருத்தக் கூடாது.

11. முடிவை எழுதுவது

மூன்று பத்தியையும் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எந்தப் படியிலிருந்து வந்தது என்று எண் போடுங்கள். ஒரே முடிவுக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு படிகள் வந்திருந்தால் "உறுதி". ஒரு படி மட்டும் என்றால் "இருக்கலாம்". பல் வடிவமும் தாடைக் கணக்கும் சேர்ந்தால் அது இரண்டு சான்று அல்ல. இரண்டும் உடலமைப்புதான், ஒன்றாகவே எண்ணுங்கள்.

இங்கிலாந்தின் சர்ரேயில் 1983இல் கிடைத்த பேரியானிக்ஸை வைத்து அட்டையில் இப்படி எழுதலாம்: "கூம்புப் பல்லும் நீண்ட முகவாயும் மீன் பிடிக்க ஏற்றவை (படி 4, 5: தின்ன முடியும்). வயிற்றுப் பகுதியில் அமிலம் அரித்த மீன் செதில்கள் இருந்தன (படி 7: இதைத் தின்றது). அதே இடத்தில் இகுவானோடான் வகைக் குட்டியின் எலும்புகளும் இருந்தன (படி 7). மீன் தின்றது உறுதி. மீன் மட்டுமே தின்றது என்பது தவறு. குட்டியை வேட்டையாடியதா, செத்ததைத் தின்றதா என்று பிரிக்கச் சான்று இல்லை."

அச்சுகளையும் எண்ணிய தாள்களையும் மாதிரி எண், தேதி, எண்ணியவர் பெயரோடு ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுவையுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் அதே அச்சை மறுபடி எண்ணட்டும். எண் ஒத்துவராவிட்டால் முடிவைத் திருத்தி எழுதட்டும்.